செவ்வி காணச் சென்ற கதை

தமிழிலே 'கேள்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினாவுதலும் கேட்டல், செவிமடுத்தலும் கேட்டல். திருவள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரம் வகுத்தபோது வினாவுகின்றவனை நினைத்தாரல்லர். செவி சாய்க்கின்றவனையே நினைத்தார். இக்காலத்திலோ கேள்வி என்றதும் வினாவே நம் நினைவுக்கு வருகின்றது. இவ்விரு பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பதற்கு எனக்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன. அந்தக் கதையையே இங்கே சொல்லப் புகுகின்றேன்.

நான் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியன். 2003ஆம் ஆண்டு தொடக்கம், ஓய்ந்த வேளைகளிலே எழுத்தாளர்களையும் இசைக் கலைஞர்களையும் தேடிச் சென்று, அவர்கள் சொல்வனவற்றைக் கேட்டு எழுதி வருகின்றேன். இதனைப் பேட்டி என்பர் சிலர். நேர்காணல் என்பர் வேறு சிலர். நம் நாட்டிலே செவ்வி என்ற சொல்லும் வழங்குகின்றது. செவ்வி என்பதற்குத் தக்க சமயம் என்பது பழைய பொருள். ஒருவரைக் காண்பதற்கும் வேளை வாய்க்கவேண்டும் என்பதை அச்சொல் தன்னுள்ளே அடக்கி வைத்திருக்கின்றது. ஆகையால் எனக்கு அச்சொல்லே உவப்பானது.

எந்தப் பத்திரிகையிலும் நான் சம்பளம் பெறுபவன் அல்லன். எழுதியதை இணையத்திலே வெளியிடுவேன். சிறு சஞ்சிகைகள் சில கேட்டு வாங்கிப் பிரசுரிப்பதும் உண்டு. எவர் வீட்டுப் படலையைத் தட்டினாலும், "எந்தப் பேப்பர் தம்பி?" என்பதே முதலிற் பிறக்கும் வினா. "ஒரு பேப்பரும் இல்லை ஐயா, நானாகத்தான் வந்தனான்" என்பேன். சிலர் அவ்வளவிலே படலையைச் சாத்திவிடுவர். சிலருக்கோ அந்த மறுமொழியே பிடித்துப் போகும். பின்னால் ஒரு நிறுவனம் இல்லாதவனுக்குப் பயமும் இல்லை, அவசரமும் இல்லை என்பதை அவர்கள் அறிவார்கள் போலும்.

முதன்முதலாக நான் சென்றது ஒரு மூத்த சிறுகதை ஆசிரியரிடம். முப்பத்திரண்டு வினாக்களை இலக்கமிட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கணித ஆசிரியன் அல்லவா? ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு போனேன். ஆறாவது வினாவிலே அவர் கையமர்த்தினார்.

"தம்பி, உம்முடைய கேள்வியள் எல்லாம் நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் இவை ஆரிட்டையும் கேக்கக்கூடிய கேள்வியள். என்ரை கதை எத்தினை வாசிச்சனீர்?"

இரண்டு என்றேன். அவர் சினக்கவில்லை. உள்ளே சென்று தமது தொகுதிகள் மூன்றையும் எடுத்து வந்து என் கையிலே தந்து, பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்து, "வாசிச்சுப்போட்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார். வெட்கத்தோடு சைக்கிளை உழக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஒரு மாதம் கழித்து மீண்டும் சென்றபோது கொப்பியைக் கொண்டுபோகவில்லை. ஒரே ஒரு கதையைப் பற்றி, அதிலே வரும் ஒரு கிணற்றைப் பற்றி மாத்திரம் கேட்டேன். மூன்று மணித்தியாலம் பேசினார். முப்பத்திரண்டு வினாக்களுள் இருபதுக்கு மேற்பட்டவற்றுக்கு நான் கேளாமலே விடை கிடைத்துவிட்டது.

இத்துறையிலே பிறர் எவ்வாறு தொழில் செய்தனர் என்பதையும் தேடிப் படித்தேன். 1953ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே தொடங்கப்பட்ட 'பாரிஸ் ரிவியூ' என்னும் ஆங்கிலச் சஞ்சிகை, எழுத்தாளரோடு நிகழ்த்தும் உரையாடலை ஓர் இலக்கிய வகையாகவே உயர்த்தியது. அதன் முதலாவது இதழிலே நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்டரின் நேர்காணல் வெளிவந்தது. தொடக்க காலத்திலே அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இருக்கவில்லை. இருவர் சேர்ந்து சென்று, இருவரும் விரைவாக எழுதிக்கொண்டு, பின்னர் இரண்டு குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பர். எழுதி முடித்ததை எழுத்தாளரிடமே திருப்பிக் கொடுத்துத் திருத்தம் பெற்ற பின்னரே அச்சேற்றுவர். இந்த இறுதி வழக்கம் என் மனத்தைக் கவர்ந்தது. பத்திரிகைத் தொழிலிலே இதனை ஒப்பாதவர் பலர். சொன்னவர் சொன்னதை மாற்ற இடங்கொடுத்தால் உண்மை கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். அரசியல்வாதிக்கு அது பொருந்தும். தமது வாழ்நாளின் உழைப்பைப் பற்றிப் பேசும் ஒரு முதியவருக்கு அது பொருந்தாது என்பது என் துணிபு. ஆகையால் எழுதியதை எடுத்துச் சென்று வாசித்துக் காட்டாமல் நான் எதனையும் வெளியிடுவதில்லை.

எழுத்தாளரோடு பேசுதல் ஒரு வகை. இசைக் கலைஞரோடு பேசுதல் முற்றிலும் வேறு வகை. எழுத்தாளர் வாக்கியத்திலே சிந்திப்பவர். அவர் வாயிலிருந்து வருவது ஏறக்குறைய எழுதத் தகுந்த உருவிலேயே வரும். அதுவே அவரிடம் உள்ள ஆபத்தும் ஆகும். பல முறை சொல்லிப் பழகிய வசனத்தையே நமக்கும் சொல்லிவிடுவார். இசைக் கலைஞரோ, "அந்த இடம் இருக்கல்லோ" என்று தொடங்கி வாயாற் பாடிக் காட்டுவார். அல்லது தொடையிலே தட்டிக் காட்டுவார். அதனை எந்த எழுத்தில் எழுதுவது? ஒலிப்பதிவு செய்யலாம், ஆயினும் வாசகனுக்கு விளங்க வைக்க வேண்டியது நம் கடமை. ஆகவே அவர்களிடம் கருவியைப் பற்றிக் கேட்பேன். கருவியைப் பற்றிக் கேட்டால் எந்தக் கலைஞரும் மனந்திறந்து பேசுவார்.

2019ஆம் ஆண்டு ஒரு தவில் வித்துவானிடம் சென்றதும் அவ்வாறுதான். நாதஸ்வரமும் தவிலும் யாழ்ப்பாணத்து மண்ணிலே எவ்வளவு உயர்ந்து விளங்கின என்பதை வாசகர் அறிவர். அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்களின் பெயரைச் சொன்னாலே காதில் மேளம் ஒலிக்கும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி நாற்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் 1975இல் மறைந்தபோது, தமிழகத்து வித்துவான்களும் தம்முடையவரை இழந்ததாகவே வருந்தினர். நான் காணச் சென்ற பெரியவர் அத்தகைய புகழ் பெற்றவர் அல்லர். கோயில்களிலும் கலியாண வீடுகளிலும் அறுபது ஆண்டுகளாக வாசித்தவர், எழுபத்தொன்பது வயது, பெயர் சொல்வதை விரும்பாதவர்.

அவருடைய வலக்கை விரல்கள் கணுவுக்குக் கணு தடித்திருந்தன. தவிலின் வலந்தலையிலே விரல்களுக்குக் கூடு அணிந்து வாசிப்பர். தொப்பி என்னும் இடப்பக்கத்தைக் கம்பினால் அடிப்பர். பலாமரத்திலே குடைந்த கட்டை. பூவரசிலே செதுக்கிய கம்பு. இவற்றையெல்லாம் அவர் எடுத்துக் காட்டிச் சொன்னார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அவர் வீட்டிலிருந்து எடுத்துச் சென்றவை இரண்டே பொருள்களாம்: ஒரு சாக்கிலே அரிசி, சைக்கிள் கரியரிலே தவில். "அரிசி நாலு நாளிலை முடிஞ்சுது தம்பி. தவில் இன்னும் கிடக்கு" என்று சிரித்தார்.

இரண்டு மணித்தியாலம் கழிந்தது. நன்றி கூறி ஒலிப்பதிவை நிறுத்தினேன். அப்பொழுதுதான் அவர் யாழ்ப்பாணத்து முதியவர் எவரும் கேட்கத் தவறாத அந்த வினாவைக் கேட்டார்.

"அது சரி, நீர் ஆற்றை மோன்?"

ஊரைச் சொன்னேன்; தாயாரின் பெயரைச் சொன்னேன்; பேரனாரின் பெயரையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"கல்வீட்டாற்றை பேரனே?" என்றார். பின்பு, "அங்கை ஒருக்கால் வாசிச்சிருக்கிறன். அறுபத்தோராம் ஆண்டு. பெரிய கலியாணம். தமிழ்நாட்டிலையிருந்து நாயனக்காரரைக் கூப்பிட்டிருந்தவை. நான் உள்ளூர்ச் செற்றிலை இரண்டாவது தவில். நீங்கள் அப்ப பிறந்திருக்க மாட்டியள்."

அவர் கூறியது என் தாயாரின் திருமணம். ஆனால் என்னை முதலிற் சுட்டது அதுவன்று. அதுவரை 'நீர்' என்று உரிமையோடு பேசியவர், கல்வீடு என்றதும் 'நீங்கள்' என்று மாறிவிட்டார். மரியாதை கூடியது போலத் தோன்றும்; உண்மையிலே ஒரு வேலி எழுந்துவிட்டது.

பின்னர் அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். தமிழகத்திலிருந்து வந்த வித்துவானுக்கு விறாந்தையிலே கதிரை போட்டு, சால்வை போர்த்துக் கௌரவித்தார்கள். உள்ளூர் மேளகாரருக்குப் பந்தலின் ஓரத்திலே பாய். விடியும்வரை வாசித்தார்கள். பந்தி பந்தியாகச் சனம் உண்டு எழுந்தது. அவர்களுக்கு மாத்திரம் சோறு பின்வளவிலே, கிணற்றடிக்கு அப்பால், வேலிக்கரையிலே வந்தது. அன்று அவருக்கு இருபத்தொரு வயது. வித்துவான் தமது கையால் அவரைத் தட்டிக்கொடுத்து, "நல்ல கை" என்று சொல்லியிருந்தார். அந்த மகிழ்ச்சியோடு உண்ண உட்கார்ந்தவருக்கு, இலையிலே மண் பறந்து விழுந்ததாம். எழுந்து கை கழுவிவிட்டாராம். அவ்வளவுதான். கோபமின்றிச் சொன்னார். நான் கேட்கவும் இல்லை. அவர் முறையிடவும் இல்லை.

வீடு வந்ததும் முன்னறையில் மாட்டியிருந்த படத்தை இறக்கினேன். என் பெற்றோரின் திருமணப் படங்களில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 1995இல் சின்னம்மா ஒரு சேலைக்குள் சுற்றி எடுத்துச் சென்று காப்பாற்றியது. நடுவிலே மணமக்கள், ஒரு பக்கம் பேரனார், மறு பக்கம் கதிரையில் நாதஸ்வர வித்துவான். வீட்டுக்கு வருவோரிடமெல்லாம், "எங்கடை பேரனார் எவ்வளவு பெரிய வித்துவானை அழைப்பிச்சவர் பாருங்கோ" என்று பெருமையோடு காட்டி வந்த படம். அன்று அதன் ஓரத்தைப் பார்த்தேன். சட்டத்தின் விளிம்பிலே பாதித் தவிலும், ஒரு கையும், முழங்காலும் தெரிந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் பார்த்தும் பாராத கை அது.

இனி என்ன செய்வது? ஒலிப்பதிவை நிறுத்திய பின் சொன்ன சொல்லை எழுதலாகாது என்பது ஒரு நியாயம். எழுதாது விட்டால், என் குடும்பத்துக்கு வசதியான இடத்திலே நான் வாயடைத்தவன் ஆவேன் என்பது மற்றொரு நியாயம். மல்லிகைச் சஞ்சிகையை 1966இல் தொடங்கி, அதனைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாக விற்ற டொமினிக் ஜீவாவை நினைத்தேன். முடிதிருத்தும் தொழிலைச் செய்தபடியே இலக்கியம் படைத்த அவர், சாதியின் பெயரால் தாம் பட்ட இழிவை மறைக்காமல் எழுதினார். ஆனால் அவர் எழுதியது தம் கையால், தம் கதையை. இங்கோ பட்டவர் வேறொருவர். பேனா பிடித்திருப்பவன் இழிவு செய்த வீட்டின் பேரன். இரக்கங்காட்டிப் பெயர் வாங்குவதற்கும் இதனை எழுதலாம் அல்லவா? அந்த எண்ணமே எனக்கு அச்சத்தைத் தந்தது.

எழுதினேன். அந்தப் பகுதியைத் தனித் தாளிலே எழுதினேன். சின்னம்மாவுக்குக் காட்டினேன். அப்போது அவருக்கு எழுபது வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தவர், தாளை மடித்து மேசையிலே வைத்தார்.

"செத்துப்போன மனிசரை ஏன் மோனை சந்திக்கு இழுக்கிறாய்? அப்ப எல்லா வீடும் அப்பிடித்தான். ஐயா மாத்திரமே?"

அவர் சொன்னது பொய்யன்று. எல்லா வீடும் அப்படித்தான். எனினும் எல்லா வீட்டையும் பற்றி எழுதுவதற்கு ஒரு வீட்டிலிருந்துதான் தொடங்க முடியும் என்றேன். சின்னம்மா மறுமொழி சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

இரண்டு தாள்களையும், திருமணப் படத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் பெரியவரிடம் சென்றேன். முதலில் தவிலைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டினேன். ஐந்து இடங்களிலே நிறுத்தித் திருத்தினார். ஒரு தீர்மானத்தை நான் எழுதிய விதம் கணக்குக்கு வராது என்று விரல் மடித்துக் காட்டினார். கணித ஆசிரியனாகிய நான் ஓர் அரை மாத்திரையை விட்டிருந்தேன். பின்னர் தனித் தாளை எடுத்து, "இது நீங்கள் ரேப்பை நிப்பாட்டின பிறகு சொன்னது. வேண்டாமெண்டால் இதிலையே கிழிச்சுப் போடுறன்" என்று சொல்லி, தயங்கித் தயங்கி வாசித்தேன்.

அதிலே அவர் ஒன்றையும் திருத்தவில்லை. படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விளிம்பிலே தெரிந்த கையை நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ரை கைதான். அந்த மோதிரம் அப்பு தந்தது" என்றார். பிறகு சொன்னார்: "எழுதும். ஆனால் முதல்லை வாசிப்பை எழுதும். வேலிக்கரையிலை குந்தியிருந்தவன் எண்டு என்னைத் தொடங்காதையும். நான் வாசிச்சபடியால்தான் அங்கை போனனான். பெரியவர் 'நல்ல கை' எண்டு சொன்னது மேலை வரட்டும். மற்றது அதுக்குப் பிறகு வரட்டும்."

மறுபடியும் 'நீர்' என்று சொல்லிவிட்டார் என்பதை நான் படலையைத் தாண்டிய பிறகே உணர்ந்தேன்.

அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதி வெளியிட்டேன். என் பேரனாரின் வீட்டை என் பேரனாரின் வீடு என்றே எழுதினேன். உறவினர் சிலர் தொலைபேசியிலே ஏசினர். சின்னம்மா ஏசவில்லை, பேசுவதையே நிறுத்திக்கொண்டார். ஒரே வளவுக்குள் இருந்தும் இரண்டு மாதம் அவர் குரலைக் கேட்காமல் இருந்தேன். எழுதியது சரிதானா என்று இரவிலே பல முறை எழுந்திருந்து யோசித்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு நாட் பின்னேரம், நான் விறாந்தையிலே இருந்தபோது, தேநீரோடு வந்து பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார்.

"அந்தச் சோத்தைக் கொண்டுபோய் வைச்சது நான் மோனை" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முற்றத்தைப் பார்த்தபடியே பேசினார். அன்று அவருக்குப் பன்னிரண்டு வயது. பெரியவர்களுக்கு வேலை மிகுதி. சிறுபிள்ளையின் கையிலே கடகத்தைக் கொடுத்து வேலிக்கரையில் வைத்துவிட்டு வா என்றார்களாம். வைத்ததும், அங்கிருந்த இளந்தவிற்காரர், "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி தருவீரோ?" என்று கேட்டாராம். தண்ணீர் எடுக்க ஓடியவரை மாமியார் ஒருவர் மறித்து, "நீ போகாதை" என்று தடுத்துவிட்டாராம். தண்ணீர் போகவில்லை.

"மண் விழுந்ததாலை அவர் எழும்பேல்லை. தண்ணி வராததாலை எழும்பினவர். உன்னட்டை அதை மறைச்சுப்போட்டார். நான் அண்டைக்கு வாசிக்கேக்கை அது எனக்கு விளங்கிப்போச்சு. அதுதான் எனக்குப் பேச வாய் வரேல்லை."

அறுபது ஆண்டுகளுக்குக் கிட்டிய காலம் ஒரு பிள்ளையின் மனத்திலே கிடந்த சுமை அது. அவர் கோபித்தது பேரனாரின் பெயர் கெட்டதற்காக அன்று என்பதை அப்பொழுதே உணர்ந்தேன். ஊரெல்லாம் சுற்றி, படலை படலையாகத் தட்டி, கண்டவரையெல்லாம் கேட்ட நான், ஒரே வளவுக்குள் இருந்தவரிடம் அந்தத் திருமணத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டேனல்லன்.

அடுத்த வாரம் சின்னம்மாவை அழைத்துக்கொண்டு பெரியவரிடம் சென்றேன். ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோகவில்லை. அவர்கள் இருவரும் பேசியதை இங்கே எழுதப்போவதுமில்லை. எழுத வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டனர். சின்னம்மா போனதும் முதலாவதாக அவ்வீட்டிலே தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்பதை மாத்திரம் சொல்ல அனுமதி பெற்றிருக்கின்றேன்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறக்குறையத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்தன. அவற்றை நினைத்து இன்றும் நாம் வருந்துகின்றோம். வருந்துவது தகும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள், அச்சேறியவற்றையும் ஒலிப்பதிவுகளையும் எண்ணிம வடிவிலே சேர்த்துக் காத்து வருகின்றன. ஆனால் ஒருபோதும் அச்சேறாத நூல்கள் நம் வீட்டு விறாந்தைகளிலே சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கின்றன. அவற்றை எரிக்க நெருப்பு வேண்டியதில்லை. நாம் கேளாதிருந்தாற் போதும்.

இதனை வாசிக்கும் மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. பெரிய எழுத்தாளரையோ பாடகரையோ செவ்வி காண வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கலாம், நல்ல ஆசையே. அதற்குமுன் உங்கள் வீட்டிலே உள்ள ஒரு முதியவரின் அருகே சென்று அமருங்கள். அவருடைய கலியாணத்தன்று யார் மேளம் வாசித்தார் என்று கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் பேச்சை நிறுத்தினாலும் உடனே அடுத்த வினாவைத் தொடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்த இரண்டு மெய்யான செவ்விகளும் நான் வினாவாதிருந்த வேளையிலேதான் வாய்த்தன.